அத்தியாயம் 7: நாலு முழத் தொலைவில் ஒரு சுடர்

காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில், பார்வையை ஓரிடத்தில் நிறுத்தும் பயிற்சியான திராடகம் கற்க வருகிறவர்களில் பாதிப்பேர் தறியில் உட்காருகிறவர்கள். மீதிப்பேர் தறி ஓடும் வீட்டில் வளர்ந்து, இப்போது ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கணினித் திரைக்கு முன் உட்காருகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் கண் ஏற்கெனவே ஒரே இடத்தில் குத்திட்டு நின்று பழகியிருக்கிறது. யோகா நூல்களில் உள்ள விதியை அப்படியே இவர்களிடம் கொடுத்தால் பயிற்சி இன்னொரு வேலையாகிவிடும். அதனால்தான் இந்த அத்தியாயத்தை வழக்கமான பாடத்திலிருந்து கொஞ்சம் விலகி எழுதுகிறேன்.

வழக்கமான பாடம் சுருக்கமானது. இருட்டறையில் மெழுகுவத்தியை ஏற்றிக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வை, இமைக்காமல் பார், கண்ணீர் வந்ததும் கண்ணை மூடு, உள்ளே தெரியும் சுடரைப் பார். கண் நாலா பக்கமும் ஓடுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. பட்டு நெய்கிறவரின் கண் ஓடுவதே இல்லை. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிற ஊடை, கரைக்கு வேறு நிற ஊடை. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு இழை தவறினாலும் கரை பிசகிவிடும். அந்தச் சேர்க்கையின் மேல் காலை முதல் மாலைவரை கண் நிற்கிறது. போதாததற்கு ஜரிகையின் மினுமினுப்பு வேறு. இவர்களுக்குப் பார்வையை நிறுத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிடித்ததை விடுவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

ஆகவே செவிலிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது: சுடரை இன்னும் தள்ளி வையுங்கள். திறந்த கண்ணின் நேரத்தைக் குறையுங்கள். மூடிய கண்ணின் நேரத்தை நீட்டுங்கள். கீழே வருவதெல்லாம் இதன் விவரம்தான்.

எங்கிருந்து வந்தது

பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகையின் இரண்டாம் அத்தியாயம் உடலைத் தூய்மை செய்யும் ஆறு செயல்களைச் சொல்கிறது: தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி. மூக்கையும் குடலையும் கழுவும் செயல்களோடு கண்ணுக்கான செயலாகத் திராடகத்தையும் சேர்த்திருக்கிறார். சிறிய ஒரு பொருளின் மேல் பார்வையை நிறுத்தி, கண்ணீர் வரும்வரை பார்க்க வேண்டும் என்பதே அங்கே உள்ள குறிப்பு. மெழுகுவத்தி என்ற பேச்சே அதில் கிடையாது.

மெழுகுவத்தி நம் காலத்துப் பழக்கம். அதன் வழியைத் தேடிப் போனால் ஒரு தமிழ் ஊர் வரும். பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் மருத்துவராக வேலை பார்த்து, பிறகு ரிஷிகேசத்தில் தங்கிவிட்ட சுவாமி சிவானந்தர் திராடகத்தைப் பற்றி எளிய நடையில் எழுதினார். கரும்புள்ளி, ஓம் எழுத்து, தெய்வப் படம், சுடர் என எதை வைத்தும் செய்யலாம் என்பது அவர் நிலை. அவருடைய சீடர் சத்தியானந்த சரஸ்வதி 1960களில் பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளி தொடங்கினார். மெழுகுவத்திச் சுடரை வைத்து நிலை நிலையாகச் செய்யும் இன்றைய முறையை உலகெங்கும் கொண்டுபோனதில் அந்தப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு.

சுடரைப் பார்த்து மனம் குவிவது நமக்குப் புதிதா? வள்ளலாரின் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு செய்தி வருகிறது. சென்னை ஏழுகிணறு வீட்டில், சிறுவயதில், கண்ணாடியைச் சுவரில் மாட்டி, மாலையிட்டு, தீபம் ஏற்றி, கண்ணாடியிலேயே மனத்தை நிறுத்தித் தணிகை முருகனைக் கண்டார் என்கிறார்கள். 1872இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகளுக்குப் பின்னால் ஜோதிதான் இருக்கிறது. மறு ஆண்டு மேட்டுக்குப்பத்தில் விளக்கொன்றை வெளியே வைத்து அதையே வழிபடச் சொன்னார். அவர் செய்ததைத் திராடகம் என்று பெயரிட்டு ஹடயோகக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. அது ஜோதி வழிபாடு, அதற்குரிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தோடு சேர்ந்தது. ஆனால் விளக்குக்கு முன்னால் அசையாமல் உட்காருவது தமிழ் வீடுகளில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். காஞ்சியிலோ, தூப்புலில் பெருமாளுக்கே விளக்கொளிப் பெருமாள் என்றுதான் பெயர். பிரமனின் வேள்வியைக் கெடுக்க இருள் சூழ்ந்தபோது பெருமாள் ஒளியாக நின்றார் என்பது தலபுராணம். 

மெழுகுவத்தியா, அகலா

உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அது. மெழுகுவத்தியின் நன்மை, சுடர் ஒரே அளவில் நிற்கும். வாசனை சேர்த்தது, நிறம் பூசியது, கண்ணாடிக் குவளைக்குள் ஊற்றியது எதுவும் வேண்டாம். பலசரக்குக் கடையில் மின்வெட்டுக்கு வாங்கும் வெள்ளை மெழுகுவத்தி போதும். திரி அரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் கத்தரித்துவிடுங்கள். நீண்ட திரி புகையும், சுடரும் ஆடும்.

அகல் என்றால் நெய் நல்லது. நல்லெண்ணெயைவிடக் கரி குறைவு. குத்துவிளக்கு வைத்திருக்கிறவர்களுக்கு உயரப் பிரச்சினையே இல்லை. இரண்டடி விளக்கு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். ஐந்து முகத்தில் உங்களைப் பார்க்கும் ஒன்றை மட்டும் ஏற்றுங்கள்.

எதை ஏற்றினாலும் தறி இருக்கும் அறையில் ஏற்றாதீர்கள். பட்டு மெல்லத்தான் எரியும், தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். ஆனால் தறியில் பட்டு மட்டுமா இருக்கிறது? நூல் கயிறு, ஜக்கார்டு அட்டை, உலர்ந்த மரம் எல்லாம் சட்டென்று பிடிக்கும். தீயே பிடிக்காவிட்டாலும் கரி படிந்தால் வெளிர் நிறப் பாவு கெட்டுப்போகும்; மாதக்கணக்கான உழைப்பு அது. சமையலறை, மாடி அறை, பூஜை மாடத்துக்கு எதிரே உள்ள இடம் என வேறு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். விளக்கை அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே வையுங்கள். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பயிற்சிக்குப் பருத்தி வேட்டி, பருத்திச் சேலை உடுத்துவது நல்லது.

எவ்வளவு தூரம், எந்த உயரம்

இதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிறிய தசை சுருங்கி வில்லையைத் தடிக்கச் செய்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது அந்தத் தசை தளர்கிறது. தறியில் சேலை இருப்பது முகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கை தூரத்தில். கணினித் திரையும் அங்கேதான். நூல்கள் சொல்லும் கை நீட்டும் தூரத்தில் மெழுகுவத்தியை வைத்தால், நாளெல்லாம் சுருங்கிக் கிடந்த அதே தசையை மீண்டும் அதே அளவில் சுருக்கி வைக்கிறோம். நெற்றி வலிக்கிறது என்று பலர் பாதியில் விட்டுவிடுவதற்கு இதையே முதற்காரணமாக நினைக்கிறேன்.

அதனால் நாலு முழம் தள்ளி வையுங்கள். ஆறடி, கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். இந்தத் தூரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் பலருக்குக் கண்ணாடி இல்லாமலே சுடர் தெளிவாகத் தெரியும். தூரத்தைப் பார்க்கக் கண்ணாடி போட்டவர்கள், அதைக் கழற்றியதும் சுடர் மங்கலாகிப் பரவினால் போட்டுக்கொண்டே செய்யலாம். கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாதபடி தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டால் போதும். கான்டாக்ட் லென்ஸைக் கட்டாயம் கழற்றுங்கள்.

சுடர் கண்ணின் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. ஒரு சாண் கீழே இருந்தால் மேலிமை கொஞ்சம் இறங்கி நிற்கும், காற்றுபடும் கண்பரப்பு குறையும், கண் மெல்லக் காயும்.

உட்காரும் விதத்தில் கண்டிப்பு வேண்டாம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டே பழகியவர்களுக்குச் சம்மணம் முழங்காலில் குத்தும். திண்ணைப் படியிலோ நாற்காலியிலோ பாதம் தரையில் பதிய உட்காரலாம். அப்போது விளக்கையும் ஸ்டூல் மேல் ஏற்றுங்கள். சுவரில் முதுகு சாய்க்கலாம். நெய்யும்போது முதுகு முன்னால் வளைந்தே இருக்கிறது என்பதால், தொடங்குமுன் பாயில் மல்லாந்து இரண்டு நிமிடம் படுத்துவிட்டு எழுவது நான் எல்லோருக்கும் சொல்வது.

காற்றும் கொசுவும்

மின்விசிறி ஓடினால் சுடர் நிற்காது. விசிறியை நிறுத்தினால் வேகவதி ஆற்றுப் பக்கத்துக் கொசு விடாது. மாலையில் செய்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. கொசுவத்தி கொளுத்திவிட்டு உட்காராதீர்கள். அந்தப் புகை கண்ணை எரிக்கும். எரிச்சலால் வந்த கண்ணீரைப் பயிற்சியின் பலன் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஜன்னலுக்கு வலை அடித்த அறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விடிகாலை ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள். தறி ஓசை இன்னும் தொடங்கியிருக்காது, வயிறு காலி, கண்ணும் தூங்கி எழுந்தது. மாலைதான் முடியும் என்பவர்கள் தறியை விட்டு எழுந்ததும் நேரே விளக்குக்கு முன் வராதீர்கள். முகம் கழுவி, மாடியில் நின்று அரை மணி நேரம் தொலைவைப் பார்த்துவிட்டு வாருங்கள். செவிலிமேட்டுக்காரர்களுக்குப் பாலாற்றுப் பாலம் இருக்கிறது. அங்கே நின்றால் மணலும் வானமும் தவிரக் கண்ணைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. திராடகத்துக்கு அதைவிட நல்ல முன்பயிற்சி எனக்குத் தெரியாது.

அறை முழு இருட்டாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மெழுகுவத்தியின் ஒளி ஏறக்குறைய ஒரு கேண்டெலா; அந்த அளவுக்கே அதுதான் தொடக்கம். இரண்டு மீட்டரில் அது கண்ணைக் கூசச் செய்யாது. ஆனால் கன்னங்கரிய இருட்டில் பாவை அகலமாக விரிந்திருக்கும்போது தொடக்கத்தில் கூச்சம் தெரியலாம். பக்கத்து அறை வெளிச்சம் கதவிடுக்கில் கசிந்தால் விட்டுவிடுங்கள்.

பார்க்கும் நேரம்

மூச்சு மூன்று நான்கு முறை வந்து போகட்டும். பிறகு கண்ணைத் திறந்து திரியின் நுனியைப் பாருங்கள். சுடரின் உச்சி ஆடிக்கொண்டே இருக்கும்; அடியில் நீலம், அதற்குமேல் திரியைச் சுற்றி ஒரு மங்கல், அதற்குமேல் மஞ்சள். மஞ்சளாக ஒளிர்வது சூடேறிய கரித்துகள். எல்லாவற்றிலும் அசையாமல் நிற்பது திரிநுனியில் கனலும் அந்தச் சிவப்புப் புள்ளிதான்.

முதல் வாரம் ஒரு நிமிடம் போதும். கடிகாரம் வைக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். இமைக்க வேண்டும்போல் இருந்தால் இமையுங்கள். பழைய நூல் கண்ணீர் வரும்வரை என்கிறதே என்று கேட்பீர்கள். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைக்கிறோம். கிட்டத்தில் பார்க்கும் வேலையில் ஆழ்ந்தால் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. தறியில் அமர்ந்தவரின் கண் மாலைக்குள் காய்ந்துபோவது இதனால்தான். காய்ந்த கண்ணை மேலும் காய வைத்துக் கண்ணீரை வரவழைப்பதில் எந்தச் சாதனையும் இல்லை. ஆசிரியரின் நேர்ப்பார்வையில், கண் நலமாக உள்ளவர்கள் பழைய விதியைப் பின்பற்றட்டும். வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் தாராளமாக இமைக்கலாம். முகத்தசை இறுகுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். புருவ நடுவிலும் தாடையிலும்தான் முதலில் தெரியும். பல் கடித்திருந்தால் வாயைச் சற்றுத் திறந்துவிடுங்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது சுடரைச் சுற்றியிருக்கும் சுவரும் பொருள்களும் மெல்ல மறையும். புதிதாக வருகிறவர்கள் இதை ஏதோ சித்தி என்று எண்ணிப் பூரிப்பார்கள், சிலர் பயப்படுவார்கள். சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். பார்வை ஓரிடத்தில் நின்றால் ஓரத்தில் மாறாமல் இருப்பதைக் கண்ணும் மூளையும் கைவிட்டுவிடும். பார்வை நகர்ந்ததும் எல்லாம் திரும்பிவிடும். பார்வை நின்றிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அதற்குமேல் பொருள் கொடுக்க வேண்டாம்.

மூடிய கண்

இனி வருவதே பயிற்சியின் பெரிய பாதி. கண்ணை மூடியதும் சுடரின் சாயல் ஒன்று தெரியும். பச்சையாகவோ நீலமாகவோ கருமையாகவோ இருக்கும், நிறம் மாறும். ஒளிபட்டுக் களைத்த விழித்திரைச் செல்கள் தேறும்வரை அது நிற்கும். அதைப் பார்க்க முயன்றால் ஓடும். மேலே போகிறதே என்று துரத்தினால் இன்னும் மேலே போகும். காரணம் எளிது: அந்தச் சாயல் விழித்திரையிலேயே பதிந்திருக்கிறது, கண் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். ஆகவே நீங்கள் துரத்துவது உங்கள் கண்ணின் அசைவைத்தான்.

இதைப் புரிந்துகொண்டால் பயிற்சி முழுவதும் புரிந்துவிடும். சாயல் நிற்க வேண்டுமானால் கண்ணைப் பிடித்து நிறுத்தக் கூடாது, விட்டுவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் முகம் பார்க்க விரும்புகிறவர் வாளியை எடுத்துவிட்டுக் காத்திருப்பாரே, அவ்வளவுதான் செய்ய வேண்டியது. தறிக்காரர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள், திணறியபின் எல்லோரையும்விட வேகமாக முன்னேறுகிறார்கள். பிடிப்பது என்னவென்று அவர்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் விட்டதும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

சாயல் மறைந்தபின் கண்ணைத் திறக்காதீர்கள். அது இருந்த இடத்திலேயே மனத்தை வைத்திருங்கள். சுடரை நினைத்துப் பார்க்க முடிந்தால் பாருங்கள், முடியாவிட்டால் இருட்டைப் பாருங்கள். பதஞ்சலி எட்டு அங்கங்களில் ஆறாவதாகச் சொல்லும் தாரணை இங்கேதான் தொடங்குகிறது. அதுவரை நடந்தது கண்ணுக்கான வேலை. ஒரு நிமிடம் பார்த்தால் மூன்று நிமிடம் மூடியிருங்கள். இப்படி மூன்று சுற்று. கடைசியில் உள்ளங்கைகளைத் தேய்த்துக் குழித்து, கண்ணை அழுத்தாமல் மூடி, சூடு தணிந்ததும் எடுங்கள். ஒரு மாதத்தில் பார்க்கும் நேரத்தை இரண்டு நிமிடமாக்கலாம். மூன்றுக்கு மேல் வீட்டில் வேண்டாம். இரண்டு மாதம் தொடர்ந்து சுடரை வைத்துச் செய்தபின் சில வாரம் விட்டுவிடுங்கள் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். அந்த வாரங்களில் மூடிய கண் பகுதியை மட்டும் செய்யலாம்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

கண்ணாடியின் பவர் குறையாது. கண்புரை கரையாது. பழைய நூல்கள் கண்நோய் தீரும் என்கின்றன, அதை வைத்து இன்று யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது. பெங்களூரு எஸ்-வியாசா யோகா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகள் சில, திராடகம் முடிந்த கையோடு கவனத்தைச் சோதித்தால் நன்றாக வருவதாகக் காட்டியிருக்கின்றன. அவை சிறிய ஆய்வுகள். என் மாணவர்கள் சொல்வது இன்னும் எளிமையானது: படுத்ததும் கண்ணுக்குள் இழை ஓடுவது நின்றது, அறுந்த இழையைத் தேடி முடியும்போது எரிச்சல் குறைந்தது. இதற்காகவே செய்யலாம் என்பேன்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆடும் ஒளியை உற்றுப் பார்க்கவே கூடாது. கண் நீர் அழுத்த நோய், சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள், அண்மையில் கண் அறுவை செய்தவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், இல்லாத குரல் கேட்டு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இன்னொன்று, சுடரைச் சுற்றியும் தெருவிளக்கைச் சுற்றியும் வானவில் வளையம் அடிக்கடி தெரிந்தால் அது தியான அனுபவம் அல்ல, கண் நீர் அழுத்தத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

சூரியனைப் பார்க்கும் திராடகம் என்று காணொளிகளில் வருகிறதே, அதைத் தொடவே தொடாதீர்கள், உதயமானாலும் சரி. விழித்திரை வெந்தாலும் வலிக்காது, ஏனென்றால் அதில் வலி உணரும் நரம்பு இல்லை. தெரியவரும்போது பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி நிலைத்திருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுடர் வேண்டாம். வெள்ளைத் தாளில் மிளகளவு கரும்புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டி, நாலு முழம் தள்ளி உட்கார வையுங்கள். அரை நிமிடம் பார்க்கட்டும், ஒரு நிமிடம் மூடட்டும், இரண்டு சுற்றோடு எழுந்துவிடட்டும். இமைக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யார் முதலில் இமைப்பது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் போட்டி வந்துவிட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, மறுநாள் இருவரையும் வேறு வேறு நேரத்தில் உட்கார வையுங்கள்.